கட்டி கல்லீரலில், வேண்டுதல் இருதயத்துக்கு

முருகன் அடியார்களே, என் கல்லீரலுக்குள் ஒரு பொய் வளர்ந்தது.

இது மேடைக்காக நான் கோத்த உவமை அன்று. மருத்துவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே பொய்க்கட்டி. கணையத்தில் சுரக்கும் சாறு வழி தவறி வெளியே கசிந்து, உடம்பில் ஓரிடத்தில் தேங்கி, தன்னைச் சுற்றி ஒரு சுவரை எழுப்பிக்கொள்ளும். அந்தச் சுவர் உண்மையான சுவர் அன்று. ஆகவே அது பொய்க்கட்டி. பெரும்பாலும் அது கணையத்தை ஒட்டியே உண்டாகுமாம். எனக்கோ அது கல்லீரலுக்குள் புகுந்து குடியேறியது. அப்படி நேர்வது மிக அரிது என்றார்கள். அரிய பரிசுகளைப் பெற்றுப் பழகியவன் நான். இந்த ஒன்றை மட்டும் எனக்கு யாரும் மேடையில் வைத்துத் தரவில்லை.

எனக்கு வயது இருபத்திரண்டு. புக்கிட் செலம்பாவில் பிறந்து, பள்ளி நாள் தொட்டுச் சொற்போர் மேடைகளில் வளர்ந்தவன். எதிரணியின் முதல் வாக்கியம் முடிவதற்குள் என் மறுப்பின் கடைசி வாக்கியம் ஆயத்தமாகிவிடும். அதில் எனக்கு இருந்த கர்வத்தை மறைக்கப் போவதில்லை. மறைத்தால் இந்தச் சாட்சியே பொய்யாகிவிடும்.

கடந்த இரண்டு ஆண்டுகளாக என் மேடைப் பொருள் மதுவிலக்கு. தோட்டம் தோட்டமாகச் சென்று குடியின் கேட்டைப் பேசினேன். கரங்கானில் ஒருமுறை நான் முழங்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்ற ஒருவர், "தம்பி, கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க லா, தொண்டை காயுது" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. நான் ஒலிவாங்கியை வாயருகே இழுத்து, "அண்ணே, நீங்கள் குடிக்கும் தண்ணீர் எனக்கு ஒத்துக்கொள்ளாது!" என்றேன். கூட்டம் அதிரச் சிரித்தது. அவர் மெல்ல வெளியேறினார். நான் வென்றேன்.

தைப்பூசம் முடிந்த அடுத்த வாரத்தில் நானும் என் நண்பனும் திகாம் பத்துவில் சாப்பிட்டுவிட்டு, செம்பனைத் தோட்டத்து மண் சாலை வழியே வீடு திரும்பினோம். முதல் வகுப்பில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். நான் பேசிய ஒவ்வொரு மேடைக்குக் கீழேயும் முதல் கைதட்டல் அவனுடையதாக இருக்கும். அன்று மோட்டாரை அவன்தான் ஓட்டினான். வண்டி அவனுடைய அண்ணனுடையது. அவனிடம் லைசன் இல்லை. ஒரு வளைவில், லோரியிலிருந்து சிந்திய செம்பனைப் பழங்கள் சாலையெங்கும் கிடந்தன. பின்சக்கரம் அவற்றில் ஏறி வழுக்கியது. இருவரும் விழுந்தோம். மோட்டார் என்மேல் சாய்ந்து, கைப்பிடியின் முனை என் மேல்வயிற்றில் குத்தியது.

இரத்தம் இல்லை. வட்டமாக ஒரு கன்றிப்போன தடம் மட்டும். அவன் மோட்டாரைத் தூக்கி நிறுத்தினான்.

"டேய் மாறா, யார்கிட்டயும் சொல்லாத டா. அண்ணன் என்னைக் கொன்னுடுவான்."

"சொல்லல லா. ஒண்ணும் ஆகல, பாரு" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

வாக்குக் கொடுத்தேன். காத்தேன். அந்தத் தடம் மறைந்தபோது நிகழ்ச்சியையே மறந்தும் போனேன்.

மாசி மாதத்தில் வலி தொடங்கியது. மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்கு ஊடுருவிச் செல்லும் வலி. கிளினிக்கில் வயிற்றுப்புண் என்று மாத்திரை கொடுத்தார்கள். சோறு இறங்கவில்லை. காய்ச்சல் வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்தேன். ஒரு காலையில் குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் அப்பா என்னைக் காடியில் ஏற்றிப் பட்டணத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்.

படம் எடுத்தார்கள். கல்லீரலின் இடப்பக்கத்தில், பெரிய எலுமிச்சம்பழ அளவில் ஏதோ ஒன்று கருமையாகத் தெரிந்தது. சீழாக இருக்கலாம், வேண்டாத வளர்ச்சியாகவும் இருக்கலாம் என்றார்கள். வார்டில் இருந்த மலாய்த் தாதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஹாத்தியில் கட்டி" என்று சொன்னார். அம்மா அழுதுகொண்டே வெளியே போய், எங்கள் செவ்வாய்க்கிழமை வழிபாட்டுக் குழுவின் பொன்னி அக்காவுக்கு அழைத்தார். "ஹாத்தியில கட்டியாம் அக்கா. எம்புள்ள பேரை எழுதி வைங்க" என்றார். அந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். பின்னால் அதற்கு வருகிறேன்.

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி, மென்மையானவர். ஆயினும் மூன்று நாளில் மூன்று முறை என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: நீ குடிப்பாயா? கணையம் கெடுவதற்குக் குடி ஒரு பெருங்காரணம். ஆகவே கேட்பது அவர் கடமை. மூன்றாம் முறை நான் மேடைக் குரலில் மறுத்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மருத்துவமனையில் கேள்வியாக இருந்தது, ஊரில் தீர்ப்பாகியிருந்தது. கல்லீரல் என்றால் குடி. நம்மவர்களுக்கு வேறு காரணமே தெரியாது. என்னைப் பார்க்க வந்த உறவினர்கள் ஆப்பிளை வைத்துவிட்டு அம்மாவைத் தனியே அழைத்துப் போனார்கள். "பேசுறது ஒண்ணு, செய்யுறது ஒண்ணா இருந்திருக்கு போல" என்று வாசலில் ஒருவர் சொன்னது எனக்குக் கேட்டது. பதில் சொல்ல எழுந்தேன். வலி என்னை மீண்டும் படுக்கையில் தள்ளியது.

இரண்டு வாரம் மருந்து ஏற்றியும் கட்டி சுருங்கவில்லை. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க நேரலாம், அதற்குள் கட்டி வெடித்தால் உயிருக்கே ஆபத்து என்று அப்பாவிடம் சொன்னார்கள். அன்று நான் முருகனிடம் பேசினேன். எப்படிப் பேசினேன் தெரியுமா? வாதமாக. "முருகா, முதலாவதாக, நான் குடியாதவன். இரண்டாவதாக, குடிக்காதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவன். மூன்றாவதாக, ஆண்டுதோறும் தவறாமல் உனக்குப் பால்குடம் எடுத்தவன். ஆகவே இந்த நோயை எனக்குக் கொடுத்தது எந்த வகையில் நியாயம்?"

நடுவராக அவனையே வைத்து முழங்கினேன்.

நான்காவதாக, என்று தொடங்கினேன். வலி வந்தது. சொல் அறுந்தது. "முருகா" என்பது மட்டும் மிஞ்சியது. அதுவும் பாதியில் அழுகையாயிற்று. என் வாழ்நாளில் காரணம் காட்டாமல் நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கத்தி வைப்பதற்கு முன்பு ஊசியால் ஒருமுறை உறிஞ்சிப் பார்ப்போம் என்று மருத்துவர் முடிவு செய்தார். திரையைப் பார்த்தபடியே நீண்ட ஊசியைச் செலுத்தினார். நானும் திரையைப் பார்த்தேன். கரிய குளம் ஒன்றுக்குள் ஒளிக்கோடாக ஒரு முனை இறங்கியது. வேல் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அது எனக்கு அலங்காரமாகத் தோன்றவில்லை. கண்முன் கண்டதாகவே தோன்றியது. வந்த நீர் பாலில்லாத் தேநீரான தே ஓ நிறத்தில் கலங்கியிருந்தது. சோதனையில் அது கணையத்துச் சாறு என்று தெரிந்தது. புற்று இல்லை. வெட்ட வேண்டியதில்லை. ஒரு மெல்லிய குழாயை வைத்து வடியவிட்டால் போதும்.

அப்போதுதான் மருத்துவர் கேட்டார், "எப்போதாவது வயிற்றில் அடிபட்டதா?"

செம்பனைப் பழங்கள் கண்முன் உருண்டன. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அதுதான். குடி அல்ல" என்றார். அந்தச் சொற்களை ஊர் முழுக்க ஒலிபெருக்கியில் போட வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஊருக்கு மருத்துவரின் குறிப்பேடு தெரியாது. ஊர் கேட்கும் கேள்வி வேறு: விழுந்தானாம், யார் பார்த்தது? பார்த்தவன் ஒருவன் இருந்தான். சித்திரைத் திருவிழா மேடையில் பேச இளைஞர் சங்கம் என்னைத்தான் அழைத்திருந்தது. அந்த அழைப்பு இப்போது ஆட்டம் கண்டிருந்தது. சங்கத் தலைவர் சேகர் அண்ணனிடம் அவன் ஒரு சொல் சொன்னால் என் பெயர் மீண்டுவிடும். அவனுக்கு அழைத்தேன்.

"டேய், டாக்டர் கண்டுபிடிச்சிட்டாங்க. அன்னிக்கி விழுந்தோமில்ல, அதான் காரணமாம்."

"இப்ப நல்லாயிருக்கியா?" என்றான்.

"குழாய் போட்டிருக்காங்க. நீ ஒண்ணே ஒண்ணு செய். சேகர் அண்ணன்கிட்ட, அவன் விழுந்தது உண்மைதான்னு ஒரு வார்த்தை சொல்லு."

"என்னை ஏன் லா இழுக்கிற? லைசன் இல்லாம ஓட்டினேன்னு தெரிஞ்சா எங்கண்ணன் சும்மா விடுவானா?"

"நீ ஓட்டினேன்னு சொல்ல வேணாம் டா. விழுந்தான், பார்த்தேன். அவ்ளோதான்."

"பார்க்கலாம்" என்றான்.

நான் நம்பினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை சேகர் அண்ணனே அழைத்தார்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கூட்டாளியையே கூப்பிட்டுக் கேட்டுட்டேன். 'விழுந்தானா, குடிச்சானா, எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே'ன்னுட்டான். சனங்க வாயை நான் எப்படி மூடறது, சொல்லுங்க? இந்த வருஷம் மேடைக்கு வேற ஆளைப் போட்டுட்டோம்."

விழுந்தானா, குடிச்சானா. இரண்டே சொற்கள். எத்தனையோ எதிரணிகளின் குத்தலைத் தாங்கியவன் நான். அவர்கள் எதிரே நின்று பேசியவர்கள். இது என் பின்னால் நின்று கைதட்டியவனின் வாயிலிருந்து வந்தது. "அவன் குடித்தான்" என்று அவன் பொய் சொல்லியிருந்தால்கூட மறுத்து வாதிட்டிருப்பேன். "தெரியாது" என்பதை எப்படி மறுப்பது? அவனுக்காக நான் ஒரு விபத்தையே மறைத்தேன். எனக்காக அவனால் ஒரு சொல்லைத் திறக்க முடியவில்லை.

குழாயோடும் இடுப்பில் தொங்கிய பையோடும் வீட்டுக்கு வந்தேன். பையில் வடிவது நாளுக்கு நாள் குறைந்தது. எனக்குள் ஊறியது கூடிக்கொண்டே போனது. அவனை எப்படி அம்பலப்படுத்துவது என்று மனத்துக்குள் உரை தயாரித்தேன். அவன் எழுதி அனுப்பியவை, அவன் கூடவே சாப்பிட்ட நாள்கள், அவன் சொன்ன பொய்கள் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினேன். என் ஆகச் சிறந்த உரை அதுதான். கேட்க ஆளில்லாமல் என்னையே அது தின்றது.

ஆறாவது செவ்வாய்க்கிழமை மாலையில் பொன்னி அக்காவும் குழுவினர் மூவரும் கையுறைத் தொழிற்சாலையில் வேலை முடிந்து, அதே சட்டையோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் விபூதிப் பொட்டலமும் வேண்டுதல் நோட்டும். வழிபாட்டு நாளில் யார் பெயர், என்ன நட்சத்திரம், என்ன குறை என்று அந்த நோட்டில் எழுதி, ஐயர் அதைப் பார்த்து முருகன் முன்னால் வாசிப்பது எங்கள் கோயில் வழக்கம். அக்கா உரக்கப் படித்தார்: "இளமாறன், திருவோணம், இருதயக் கட்டி கரைய."

"அக்கா, என்ன படிச்சீங்க?"

"உம்பேருதான்யா."

"அதுக்கப்புறம்?"

"இருதயக் கட்டி கரைய."

"எனக்குக் கட்டி கல்லீரல்லக்கா!"

அக்கா அம்மாவைப் பார்த்தார். "நீங்கதானே ஹாத்தின்னீங்க?"

"நர்சு அப்படித்தானே சொன்னாங்க!" என்றார் அம்மா.

"ஹாத்தின்னா மலாய்ல கல்லீரல்கா. இருதயத்துக்கு ஜந்தோங்."

"அப்ப ஏன் அந்த மலாய்ப் பாட்டுக்காரனுங்க ஹாத்தி ஹாத்தின்னு நெஞ்சைப் பிடிச்சிக்கிறானுங்க?"

"மனசுக்கும் அதே சொல்லைத்தான் சொல்வாங்க."

"ஐயையோ, ஆறு வாரமா தப்பான அட்ரஸுக்கா அனுப்பிட்டிருந்தோம்!" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். உடன் வந்த இன்னொருவர், "அதான் தம்பி நெஞ்சு இவ்ளோ ஸ்ட்ராங்கா இருக்கு. எப்படி முறைக்குது பாருங்க லா!" என்றார். நால்வரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். நோய் வந்த நாளிலிருந்து அம்மா அன்றுதான் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. சொல்லையே தொழிலாகக் கொண்டவனுக்காக ஒரு சொல்லைப் பிழையாக வைத்து ஆறு வாரம் வேண்டியிருக்கிறார்களே என்று கோபம். பேனாவை வாங்கி, முதல் செவ்வாயில் "இருதய" என்பதை அடித்துக் "கல்லீரல்" என்று எழுதினேன். இரண்டாவதிலும் அடித்தேன். மூன்றாவது, ஊசி இறங்கிய செவ்வாய். அதிலும் அடித்தேன். நான்காவது, சேகர் அண்ணன் அழைத்த செவ்வாய். பேனா தயங்கியது. அன்று எனக்கு எந்த உறுப்பு வலித்தது? ஐந்தாவது வாரம் முழுதும் நான் படுத்துக்கொண்டு தயாரித்தது எதை? கல்லீரல் ஆறிக்கொண்டிருந்தது. ஆறாமல் இருந்தது எது என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிவதற்கு முன்பே, நான்கு பெண்கள் நாள் முழுதும் நின்று உழைத்த காலோடு போய், அதன் பெயரைச் சரியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

மிச்சமிருந்த மூன்று வரிகளையும் அடிக்காமல் நோட்டை மூடிக் கொடுத்தேன். "என்னய்யா, திருத்தலியா?" என்றார் அக்கா. "இருக்கட்டும்கா. அதையும் வேண்டுங்க" என்றேன்.

அடுத்த வாரம் எடுத்த படத்தில் அந்தக் கரிய குளம் இல்லை. மெல்லிய ஒரு கீறல் மட்டும் தெரிந்தது. குழாயை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவிடம் காடியைக் கோயிலுக்குத் திருப்பச் சொன்னேன். முருகன் முன்னால் நின்று பேச வாயெடுத்தேன். முதலாவதாக என்று எதுவும் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

உடல் நலமானது ஓர் அருள். மற்றதற்கு நாளாயிற்று. கரங்கானுக்குப் போய், அன்று நான் கேலி செய்த அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்டேன். "நீங்க பேசினது எதுவும் பொய் இல்ல தம்பி. எல்லாரும் சிரிச்சானுங்க பாருங்க, அதான்" என்றார். ஊர் முன்னால் தலைகுனிய வைத்து என் கூட்டாளி எனக்குச் செய்ததை, ஒலிவாங்கி வைத்து நான் அவருக்குச் செய்திருக்கிறேன். அதை அறியாமலே என்னை நல்லவன் என்று இறைவனிடம் வாதிட்டிருக்கிறேன்.

திருவிழா மலருக்கு என் சாட்சியை எழுதித் தரும்படி பொன்னி அக்கா கேட்டார். எழுதினேன். முதல் படியில் அவன் பெயர் பதினோரு இடங்களில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு திகாம் பத்துவில் நாங்கள் வழக்கமாக உட்காரும் கடைக்கு அவனை வரச் சொன்னேன். வந்தான். படித்தான்.

"தெரியாதுன்னு சொன்னதையும் போட்டுட்டியா?"

"போட்டேன்."

"பேரும் இருக்கு."

"இருக்கு."

தாள்களை மடித்து என்னிடம் தள்ளினான். "பயந்துட்டேன் டா" என்றான். பிறகு, "இருக்கட்டும் லா. போடு. எல்லாரும் தெரிஞ்சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனான். மோட்டாரில் அல்ல, நடந்துதான் போனான்.

நான் அவனை முழுதும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது மேடைப் பேச்சாகிவிடும். இன்னும் வலிக்கிறது. என் பேச்சுக்கு முதலில் எழும் அந்தக் கைதட்டலை இனி நான் நம்புவேனா, தெரியாது. ஆனால் அந்தக் கடையிலேயே, அவன் விட்டுப்போன தேநீர் ஆறுவதற்குள், பதினோரு இடங்களிலும் அந்தப் பெயரை அடித்தேன். வெல்லக்கூடிய வாதம் ஒன்றை நானாகவே கைவிட்டது என் வாழ்வில் அதுவே முதல் முறை. அந்த வலிமை என்னுடையது அன்று. அது எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாட்சி, பொன்னி அக்காவின் நோட்டில் திருத்தப்படாத அந்த மூன்று வரிகள்.

ஆகவே அடியார்களே, உங்கள் குறைக்குச் சரியான சொல் அமையவில்லையே என்று தயங்காதீர்கள். தவறான பெயரைச் சொல்லியேனும் கேளுங்கள். தெரிந்தவர்களிடம் சொல்லியேனும் எழுதச் செய்யுங்கள். செவ்வாய்க்கிழமை மாலை எங்கள் கோயிலுக்கு வாருங்கள். நோட்டில் இடம் இருக்கிறது. இளமாறன், திருவோணம் என்ற வரி இந்த வாரமும் அதில் இருக்கும். அதற்குக் கீழே இன்னொரு பெயரும் அவனுடைய நட்சத்திரமும் இருக்கும். நான்தான் எழுதினேன். குறை என்ற இடத்தில் ஒரே சொல்: ஹாத்தி.